கடலடியில் ஒரு கப்பலும் கணக்கில் வராத பெயர்களும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் அதிக நேரம் பேசக்கூடாது. ஆகவே ஒரே ஒரு கப்பலைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாம் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிளேபாங்குக்கோ தஞ்சோங் பிடாராவுக்கோ போயிருப்போம். கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கும். "டீச்சர், அந்தக் கப்பல்ல என்ன இருக்கு?" என்று போன வருடம் ஒரு பையன் கேட்டான். அவற்றில் பல எண்ணெய்க் கப்பல்கள். சுங்கை ஊடாங்கில் நம் மாநிலத்துக்கே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் பஸ் ஓடாது, விமானம் பறக்காது, போர்க்கப்பலும் நகராது. அதனால்தான் சண்டை வந்தால் எண்ணெய்க் கப்பலுக்கு முதலில் ஆபத்து வரும்.

நான் சொல்ல வந்த கப்பலின் பெயர் 'பிரிட்டிஷ் சார்ஜெண்ட்'. 1922இல் கட்டிய கப்பல். பதிவுக் கொள்ளளவு 5,868 டன். அது கிடக்கும் இடம் நம் மலாக்கா நீரிணை அல்ல. வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில், தமிழர்கள் வாழும் கல்குடா, பாசிக்குடா ஊர்களுக்கு அப்பால் உள்ள கடல். அந்தக் கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

1942 ஜனவரி மாதம் ஜப்பானியப் படை மலாக்காவுக்குள் நுழைந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. சிங்கப்பூர்த் தளம் கைவிட்டுப் போனதும் ஆங்கிலேயக் கடற்படைக்கு இலங்கைதான் கதி என்றாயிற்று. அங்கே திருகோணமலை உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம். கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்ப அங்கே காட்டுக்குள் பிரம்மாண்டமான எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கும் 99 தொட்டிகள் அங்கே நிற்கின்றன.

ஜப்பானியர் அங்கேயும் போனார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி காலை திருகோணமலையில் விழுந்தது. எதிரி வருகிறான் என்று முன்கூட்டியே தெரிந்ததால், துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல் நாள் இரவே கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் தப்பவில்லை. 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் தன்னிடம் சண்டை விமானம் ஒன்றுகூட இல்லாமல் மட்டக்களப்புக்கு அருகே போய்க்கொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் வந்து அதை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். அதற்குத் துணையாக வந்த 'வாம்பயர்' என்ற ஆஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. அதே நாள், அதே கரையோரம் 'பிரிட்டிஷ் சார்ஜெண்ட்' மீதும், 'அதெல்ஸ்டேன்' என்ற இன்னோர் எண்ணெய்க் கப்பல் மீதும் குண்டு விழுந்தது. இரண்டும் மூழ்கின. நல்ல வேளையாக அந்த இரண்டு எண்ணெய்க் கப்பல்களின் மாலுமிகளும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

இன்று அந்தக் கப்பல் ஏறக்குறைய 25 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. இரும்பெல்லாம் பாசி பிடித்து மீன்களுக்கு வீடாகிவிட்டது. பல நாட்டிலிருந்தும் முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது பிறந்த வருடம் தெரியும், கொள்ளளவு தெரியும், விழுந்த நாள் தெரியும், கிடக்கும் இடம் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிய 'சகாயிங்' என்ற கப்பலைப் பல்லாண்டுகள் கழித்து, 2018இல், இலங்கைக் கடற்படை மேலே தூக்கியது. இரும்புக்கு இவ்வளவு மரியாதை. தப்பில்லை, இருக்கட்டும்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

கடலில் நடந்த சண்டை கடலோடு நிற்கவில்லை. பர்மாவைப் பிடித்துக்கொண்ட ஜப்பானியருக்கு ரங்கூனுக்குச் சாமான் அனுப்ப வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நம் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் அனுப்பினால் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கும். கடல் வழி ஆபத்து என்று தெரிந்ததும் தரை வழியாக ரயில் போட முடிவு செய்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், காடும் மலையும். 1943 அக்டோபரில் தண்டவாளம் ஒன்று சேர்ந்துவிட்டது. அதைப் போட்ட கைகளில் பெரும்பாலானவை ஆசியத் தொழிலாளர்களின் கைகள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

என் பாட்டிக்கு அப்போது பத்து வயது. லயத்து வாசலில் லாரி வந்து நின்றதாம். "மூணு மாசம்தான், தெனம் ஒரு வெள்ளி, சோறு போடுவாங்க" என்றார்களாம். பாட்டியின் அண்ணன் ஏறிக்கொண்டார். போகும்போது, "திரும்பி வர்றப்ப ஒனக்குப் பாவாடைத் துணி வாங்கியாரேன்" என்று சொன்னாராம். அவ்வளவுதான். கடிதம் இல்லை, சேதி இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோமே, அதில் பாட்டி தன் அண்ணனுக்கு மட்டும் இலை போட விடமாட்டார். "செத்ததக் கண்ணால பாத்தவங்க யாரு? உசுரோட இருக்கறவனுக்குப் படைக்கலாமா?" என்று கேட்பார். எண்பது வயது தாண்டியும் அப்படித்தான் கேட்டார்.

பாட்டி காலமான பிறகு நானும் அம்மாவும் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடலாம் என்று உட்கார்ந்தோம். பெயரைச் சொல்லிக் கும்பிட வேண்டுமே! அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாட்டி ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. 'அண்ணன்' என்றுதான் சொல்லுவார். நாங்களும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கும் நான், என் வீட்டு வரலாற்றில் ஒரு பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கடலுக்கடியில் கிடக்கும் கப்பலின் பெயர் எனக்குத் தெரிகிறது. என் பாட்டியின் அண்ணன் பெயர் தெரியவில்லை. இதைவிட ஓர் ஆசிரியைக்கு வேறு என்ன வெட்கம் வேண்டும்?

தாய்லாந்தில் காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரிசையாக உறங்குகிறார்கள். பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் கல்லில் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் கிடையாது. நம் மக்கள் சிலரின் முயற்சியால் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்திருக்கிறது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்களை அந்த ஒரு கல்லில் யார் எழுதுவது? பெயர் தெரிந்தால்தானே எழுத முடியும்!

அந்தப் பெயர்கள் வேறு எங்கும் இல்லை, பிள்ளைகளே. உங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பூட்டியிடம் இருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் பிறப்புச் சூராவில் இருக்கலாம். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இருக்கும் பெரியப்பா வீட்டில் ஒரு படத்துக்குப் பின்னால் எழுதியிருக்கலாம். ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, பல லயங்கள் இடிந்துவிட்டன, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். நினைவும் அதோடு போய்விடும்.

ஆகவே இன்று பரிசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வீட்டுக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதுங்கள். சயாமுக்குப் போன நம் ஆள் யார்? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? எழுத்துப்பிழை வந்தால் நான் திருத்தித் தருகிறேன். எழுதாமல் விட்டால் திருத்த முடியாது. பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். இதுவும் படிப்புத்தான்.