கஷாயத்தை எதுவரை நம்பலாம்?

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு சளி, இருமல். உடனே அடுப்பில் கஷாயம் ஏறும். அந்தக் கஷாயத்தை எதுவரை நம்பலாம் என்று இன்று பார்ப்போம்.

2020இல் கொரோனா பரவியபோது தமிழகத்தில் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு என்று 15 சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது. ஒன்றிரண்டாக இடித்த சூரணத்தைத் தண்ணீரில் போட்டு, நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சி, வடிகட்டி, இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். பொடியை வெந்நீரில் கலக்கி மடமடவென்று விழுங்கினால் அது கஷாயம் ஆகாது. சரக்கின் சாரம் நீரில் இறங்கத் தீயும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இந்தச் சரக்குகளை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடியொற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தை உருவாக்கினார்கள். சூடான மிளகு ரசம் தொண்டைக்கு இதம் தரும், மூக்கடைப்பைச் சற்றுத் தளர்த்தும், உடம்புக்கு நீரும் உப்பும் சேர்க்கும். படுக்கும்முன் கொடுக்கும் ஒரு கரண்டித் தேன் பிள்ளைகளின் இரவு இருமலைக் குறைக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில்கூடத் தடவக் கூடாது. அதிலிருந்து கொடிய நச்சுநோய் வரக்கூடும்.

சரி, நோய் வராமலே இவை தடுக்குமா? வைரஸ் தொற்றைத் தடுத்து நிறுத்தும் என்று ஐயமற நிறுவப்பட்ட கஷாயம் இன்றுவரை எதுவும் இல்லை. வந்த நோயின் வேதனையைத் தணிப்பதுதான் கஷாயத்தின் பெருமை. தடுப்பு வேலையைத் தடுப்பூசியும், சோப்பு போட்டுக் கழுவிய கையும், திறந்து வைத்த ஜன்னலும், கூட்டத்தில் அணியும் முகக்கவசமும் செய்கின்றன.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று எண்ணாதீர்கள். சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நீண்டநாள் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் சித்த மருத்துவரைக் கேட்காமல் கஷாயத்தைத் தொட வேண்டாம்.

ரசமும் கஷாயமும் நம் வீட்டில் இருக்கட்டும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.