இணைப்புக் குளம்



தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல்லாயிரம் மாணவர் ஒரே வேளையில் தத்தம் பதிவெண்ணைக் கணினியில் இட்டுக் காத்திருப்பர். திரை விடை தராது நின்றால் அவர்தம் உள்ளம் படும் பாடு பெரிது. ஒருமுறை அத்தகைய பழுதுக்கு நானே காரணமாயிருந்தேன். அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

மதிப்பெண்கள் யாவும் தரவுத்தளம் என்னும் கருவூலத்தில் உள்ளன. அதனிடம் வினாவ ஓர் இணைப்பு வேண்டும். அதைத் திறப்பதோ எளிதன்று. கடவுச்சொல்லைச் சரிபார்த்தல் வேண்டும். நினைவகம் ஒதுக்குதல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியொரு புராசஸையே தோற்றுவிக்கின்றது. ஆதலின், சில இணைப்புகளை முன்னரே திறந்து வைத்து, கேட்கும் நிரலுக்கு இரவலாக அளித்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவர். இதுவே இணைப்புக் குளம் எனப்படும்.

எம் குளத்தில் 10 இணைப்புகள் இருந்தன. முடிவு வெளியான சிறிது நேரத்தில் தளம் நின்றுபோயிற்று. குளம் போதவில்லையென எண்ணி, தரவுத்தளத்தின் வரம்பையும் உயர்த்தி, 200 ஆக்கினேன். தளம் மீண்டும் இயங்கிற்று. ஆயின் முன்னினும் மெதுவாக இயங்கிற்று! அக்கணினியின் செயலியில் இருந்தவை 4 கோர்களே. நான்கு அடுப்புள்ள சமையலறையில் இருநூறு சமையற்காரர் புகுந்தால் சோறு விரைவில் வெந்துவிடுமோ? வேலைக்கு வேலை மாறுவதிலேயே செயலியின் நேரம் கழிந்தது. சற்று நேரத்தில் அந்த இருநூறும் தீர்ந்தன.

உண்மைப் பிழை பின்னரே புலப்பட்டது. தவறான பதிவெண் வந்தால் எம் நிரல் பாதியில் நின்றுவிடும். வாங்கிய இணைப்பைத் திருப்பித் தராது. பழுது குளத்தின் அளவில் இல்லை. எங்கள் நிரலில் இருந்தது. வேலை முடிந்தாலும் முறிந்தாலும் இணைப்பைத் திருப்புமாறு நிரலைத் திருத்தினோம். குளத்தை மீண்டும் 10 ஆக்கினோம். வரிசையில் காத்திருப்பதற்கும் ஒரு கால எல்லை வகுத்தோம்.

பத்து போதுமா என்று நீங்கள் வினவலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வினாவுக்கு 20 மில்லி வினாடி ஆகுமெனில், ஓர் இணைப்பு வினாடிக்கு 50 வினாக்களுக்கு விடை தரும். பத்தும் சேர்ந்து 500 வினாக்களுக்கு விடை தரும். காத்திருத்தலைப் பற்றிய இவ்வுறவைப் பொதுவிதியாக 1961ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் மெய்ப்பித்தார்.

நண்பர்களே, தட்டுப்பாடு தோன்றும்போது மேலும் வேண்டுமெனக் கேட்பதற்கு முன், எடுத்தவை திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். அன்று நான் அதைச் செய்திருப்பின், அம்மாணவர் அத்துணை நேரம் கலங்கியிரார்.