ஏரியின் பொறுப்பு யாரிடம்?



மண்ணையும் நீரையும் கெடாமல் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். அதை யார் செய்வது என்று வரும்போது மட்டும் கோட்டையைப் பார்த்துக் காத்திருக்கிறோம். ஒரு முடிவின் நன்மை தீமையை எந்த ஊர் சுமக்கிறதோ, அந்த ஊருக்கே அதை எடுக்கும் அதிகாரம், அதற்கான பணம், வேலை செய்ய ஊழியர் ஆகிய மூன்றும் சேர வேண்டும். இல்லையென்றால் எந்தச் சூழல் திட்டமும் நிலைக்காது என்பதே என் வாதம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. ஆயக்கட்டு 40 ஹெக்டேரைத் தாண்டினால் அந்த ஏரி நீர்வளத் துறைக்கு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. வரத்துக்கால் ஓடும் நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம். ஏரிக்குள் கருவேலம் மண்டுவதையும் வரத்துக்காலில் சுவர் எழும்புவதையும் முதலில் பார்ப்பவர் ஊர்க்காரர். அவரால் முடிந்ததோ மனுக் கொடுப்பது மட்டும்! குடிமராமத்தில் ஆள் திரட்டித் தூர்வாரிய ஊர்கள், இன்று ஒப்பந்தக்காரரின் இயந்திரத்தைக் கரையில் நின்று பார்க்கின்றன.

அதிகாரம் கையில் இருந்தால் ஊர் என்ன செய்யும்? பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு 2000-இல் உரிமம் தந்தது பெருமாட்டி ஊராட்சிதான். கிணறுகள் வற்றுகின்றன, தண்ணீர் கெடுகிறது என்று மக்கள் திரண்டு போராடியபோது, 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே ஊராட்சிதான். மறு ஆண்டு ஆலை நின்றது. ஊராட்சி தவறு செய்யாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிணற்றில் தானே குடிப்பதால் தவறைத் திருத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கிறது என்கிறேன். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வியை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. மறுப்பதற்கு மட்டும்தான் ஊருக்குத் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையையே நிறுவியது.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகக் கனமானது சாதி. கிராமத்தை ஆட்சியின் அலகாக்கக் கூடாது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைத் தமிழ்நாடு ரத்தத்தால் மெய்ப்பித்தது. 1997-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலித் தலைவர் அமரவே விடாமல் பத்தாண்டுகள் தடுத்தார்கள். 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முடிவு என்ன? ஊருக்கு அதிகாரமே வேண்டாம் என்பதா? மாநில அரசு உறுதியாக நின்றதும் அந்த நான்கு ஊர்களில் தேர்தல் நடந்துவிட்டதே! மேலே இருப்பவர்களின் வேலை ஊராட்சித் தலைவரின் நாற்காலியைக் காப்பது, பிடுங்குவதல்ல. தேர்ந்த தலைவருக்குப் பதில் அரசின் தனி அலுவலரை அமர்த்தினால் ஊரிலிருந்து சாதி போய்விடாது. இடஒதுக்கீட்டில் வென்று வந்த தலித் பெண்ணின் பதவிதான் போகும். அப்படித்தான் நடந்தும் வந்திருக்கிறது. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-E பிரிவு. 2016-இல் காலம் முடிந்த ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய மாநிலத்தில் இது நடந்தது என்பது எனக்குப் பெரும் வேதனை.

ஊராட்சியிடம் பணம் போனால் ஊழல் பெருகும் என்பார்கள். ஒப்பந்தப் பணத்தைச் சென்னையில் உண்டால் ஊருக்குத் தெரியாது. ஊரிலேயே உண்டால் கிராம சபையில் கணக்குக் கேட்கலாம். கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பதை வரவு செலவுத் திட்டத்தோடு அச்சிட்டே கொடுத்தது. முறைகேட்டை விசாரிக்கத் தனி ஓம்பட்ஸ்மன் வைத்தது. நம் 1994 ஊராட்சிகள் சட்டமோ, 205-ஆம் பிரிவின் வழியாக, மக்கள் தேர்ந்த தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடம் தந்திருக்கிறது. ஆறு ஓர் ஊரோடு நிற்பதில்லையே என்பதும் நியாயமான கேள்வி. அதற்குத்தான் மாவட்டத் திட்டக்குழுவை அரசியலமைப்பு வகுத்திருக்கிறது. அதைக் கூட்டினால் போதும்.

ஆகவே, வரும் கிராம சபைக்குப் போகும்போது நம் ஏரியின் வரத்துக்கால் புல எண்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பராமரிப்பையும் அதற்கான நிதியையும் ஊராட்சியிடம் ஒப்படைக்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழியுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள்.