மனசு வரும் வரை காத்திருக்க வேண்டாம்

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, விதவைத் தாய்மார்களுக்கான உதவி, மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றித்தான் பேசுவோம். இன்று பணத்தால் மட்டும் தீராத ஒரு தேவையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

தொழில் தொடங்கக் கொடுத்த தையல் மிஷின் சில வீடுகளில் பழைய சேலை போர்த்தி மூலையில் நிற்கிறது. பாதி நிரப்பிய விண்ணப்பம் பீரோவுக்குள் கிடக்கிறது. போட்டித் தேர்வு வகுப்புக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளை நாலு வாரமாக வருவதில்லை. போய் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்: "செய்யணும்னு தெரியுது பாய், மனசுதான் வரமாட்டேங்குது."

நம் பள்ளத்தாக்கில் இதற்குக் காரணங்கள் குறைவில்லை. ஏலக்காய் விலை இறங்கினால் மலையேறும் குடும்பங்களின் வருமானம் ஆடிப் போகிறது. அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்தால் பன்னீர் திராட்சை கொடியிலேயே வெடித்து அழுகுகிறது. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவர், இரண்டு முறை தேர்வு எழுதித் தேறாதவர், இத்தா முடிந்தும் வீட்டு வாசலைத் தாண்டாத சகோதரி என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருக்கிறார். ஊர் இவர்களுக்கு வைக்கும் பெயர் ஒன்றுதான்: சோம்பேறி.

நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய துஆ ஒன்றை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அதில் வருங்காலத்தை எண்ணிய கவலை ஒன்று, நடந்து முடிந்ததை எண்ணிய துயரம் ஒன்று, இயலாமை ஒன்று, சோம்பல் ஒன்று என்று நான்கும் தனித்தனியாக வருகின்றன. முடிந்தும் செய்யாமல் இருப்பது சோம்பல். செய்யச் சக்தியே இல்லாமல் போவது இயலாமை என்று ஆலிம்கள் விளக்குவார்கள். நான்கையும் ஒன்றாகக் கட்டி 'சோம்பேறி' என்று தூக்கிப் போட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தச் சோர்வு எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். மனம் உடைந்தவர் முதலில் வெளியே போவதை நிறுத்துகிறார். அதனால் நாலு பேர் முகம் பார்ப்பதும், ஒரு வேலையை முடித்தோம் என்ற திருப்தியும் நின்று போகின்றன. அவை நின்றதால் மனம் இன்னும் இறங்குகிறது. இறங்கியதால் படுக்கையை விட்டு எழவே முடிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இந்தச் சுழலை விளக்கினார். மனம் சரியான பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருந்தால் சுழல் அறுபடாது. சிறு செயலில் இருந்து தொடங்கினால் மனம் மெல்ல மெல்லப் பின்தொடரும். சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

இது மேல்நாட்டுக்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வில் இருந்த சுமார் 500 பேரிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் மக்கள். ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசி, வாரத்துக்குச் சில சிறு காரியங்களைத் திட்டமிட்டுச் செய்ய வைத்தார்கள். மூன்று மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். இந்த ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

அப்படியானால் நம் வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலாவது, காரியத்தைச் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக்குங்கள். தையல் மிஷின் நிற்கிற சகோதரி இன்று தைக்க வேண்டாம். போர்த்திய சேலையை எடுத்துத் தூசி தட்டினால் போதும். நாளை எண்ணெய் விடுங்கள். மறுநாள் நூல் கோத்து வையுங்கள். நாலாம் நாள் கிழிந்த தலையணை உறை ஒன்றை மட்டும் தையுங்கள். படிக்கிற தம்பி, புத்தகத்தை முடிப்பதை மறந்துவிட்டு ஒரு பக்கம் படி. வேலை போய் வீட்டில் இருக்கும் அண்ணன், சுபுஹுக்குப் பிறகு திரும்பப் படுக்காமல் வாய்க்கால் கரை வரை நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, அந்தக் காரியத்தை ஒரு நேரத்தோடு கட்டுங்கள். நமக்கு ஐந்து வக்து இருக்கிறது. 'அஸருக்குப் பிறகு பத்து நிமிடம்' என்று முடிவு செய்துவிட்டால், செய்வதா வேண்டாமா என்று தினமும் மனதோடு வழக்காட வேண்டியதில்லை.

மூன்றாவது, செய்ததை ஒரு நோட்டில் குறியுங்கள். மனம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம்; செய்த காரியத்துக்கு ஒரு டிக் போதும். அளவில் குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான்காவது, ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யப் போகாதீர்கள். முறைப்பாசனத்தில் ஒரு முறை தண்ணீர் தவறிய விவசாயி வயலை அழித்துவிடுவதில்லை. அடுத்த முறைக்கு மடையைத் திறக்கிறார்.

நம் போடி ரயிலை நினைத்துப் பாருங்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டது. இனி இந்தப் பக்கம் ரயில் வருமா என்று கேட்காதவர் இல்லை. அகலப்பாதையை ஒரேயடியாக மதுரையிலிருந்து போடி வரை முடித்துத் திறக்கவில்லை. பகுதி பகுதியாகப் பணி நடந்தது. 2022 மே மாதம் தேனி வரை ரயில் வந்தது. 2023 ஜூனில்தான் போடியை எட்டியது. போடி வரை முடியட்டும் என்று தேனிக்கு வந்த ரயிலை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுவோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "உன் வயசுப் பையன் சென்னையில சம்பாதிக்கிறான்" என்று சொல்லி யாரையும் எழுப்பிவிட முடியாது. "அத்தா கூட கடைத்தெரு வரைக்கும் வா" என்று கூப்பிடுங்கள். போகும் வழியில் புத்திமதி வேண்டாம். டிக் போட்ட நோட்டைக் காட்டினால், "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள்.

எல்லாச் சோர்வும் சிறு காரியத்தால் தீராது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய் இருந்தாலும் உடம்பு இப்படித்தான் ஓய்ந்து போகும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஆசையில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 'வாழ்ந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் உடனே வெளியே அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மனஸ்' உதவி 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

"ஈமான் பலவீனம், அதனால்தான் இப்படி" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். நோய்க்கு மருந்து செய்யச் சொன்ன மார்க்கம் நம்முடையது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்பவரை யாரும் ஈமான் குறைந்தவர் என்பதில்லையே.

நமது டிரஸ்ட் சார்பில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். உதவி பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒருமுறை இருவர் செல்வார்கள். சகோதரிகளைப் பார்க்கச் சகோதரிகளே செல்வார்கள். கணக்குக் கேட்க மாட்டார்கள். அடுத்து செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் என்ன என்று உட்கார்ந்து பேசிவிட்டு, மறுமாதம் அதைப் பற்றி விசாரிப்பார்கள். மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த மாதக் கூட்டங்களுக்கு வராமல் போன ஒருவரையாவது தெரியும். இன்று மஃக்ரிபுக்குப் பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு, "நாளைக்கு வாய்க்கால் வரைக்கும் நடப்போமா?" என்று கேளுங்கள். நாளைக்கு மறக்காமல் போய் நில்லுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய உள்ளங்களுக்கும் தெம்பைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.