நீள விடும் மூச்சு

இப்போது வானொலிக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒரு சிறு காரியம் செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். நாலைந்து முறை செய்தால், இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், விடும்போது தளர்வதும் பலருக்குப் புலப்படும். இளவயதில் இது தெளிவாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கிவிடும். தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். இந்த ஏற்ற இறக்கம் வேகஸ் நரம்பின் வேலை. மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று கிளைவிட்டுப் போகும் நரம்பு அது. லத்தீன் மொழியில் அந்தப் பெயருக்கு ‘அலைந்து திரிவது’ என்று பொருள். இந்த நரம்பை வலுப்படுத்தினால் நோயும் பதற்றமும் ஓடிவிடும் என்று இன்று கைபேசியைத் திறந்தால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அவற்றுள் நீளமாக மூச்சு விடும் பழக்கம் கைக்கொள்ளத்தக்கது. ஆனால் அதனிடமும் அளவான பலனையே எதிர்பார்க்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

இந்த நரம்பு இதயத்தை எப்படித் தணிக்கிறது? ஓட்டோ லோவி என்ற அறிஞர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் செய்த ஆய்வை 1921-இல் வெளியிட்டார். இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க விட்டு, ஒன்றின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயம் கிடந்த கரைசலை எடுத்து மற்ற இதயத்துக்கு விட்டார். நரம்பைத் தூண்டாமலே அதுவும் தளர்ந்தது. நரம்பின் நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்று உலகம் அறிந்தது அப்படித்தான். பின்னாளில் அது அசிட்டைல்கோலின் என்று உறுதியாயிற்று. 1936-இல் லோவியும் ஹென்றி டேல் என்ற ஆய்வாளரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மூச்சை இழுக்கும்போது இதயத்தின்மீது வேகஸ் வைத்திருக்கும் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. விடும் மூச்சு நீண்டால் அந்தப் பிடி இருக்கும் நேரமும் நீளும். இதயத்தையும் குடலையும் நாம் நினைத்தபடி நடத்த முடியாது. மூச்சோ தானாகவும் நடக்கிறது, நாம் சொன்னாலும் கேட்கிறது. இந்தப் பழக்கத்தின் பலமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூச்சு என்ற இந்த வாசலை வழிபாட்டு மரபுகள் எப்போதோ கண்டுகொண்டன. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற ஆய்வாளரின் குழுவினர் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தை உச்சரிக்கவும் வைத்து அளந்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மை பெற்றது. சமயம் வேறு, மொழி வேறு. மூச்சின் கணக்கு ஒன்று. நம் திருமூலரின் திருமந்திரமும் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கி நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் ரேசகத்துக்கு 32 மாத்திரை என்று கால அளவு வகுக்கிறது. விடும் மூச்சு இழுப்பதைப் போல் இரு மடங்கு. இதைக் கொண்டு திருமூலருக்கு நரம்பியல் தெரியும் என்று பெருமை பேசத் தேவையில்லை. உடலைக் கூர்ந்து கவனித்தவர்கள் கண்டது, பின்னால் வந்த கருவிகளில் பதிவாகிறது; அந்தப் பெருமையே போதும்.

‘எல்லாம் மன நம்பிக்கைதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 400 பேரை இரண்டாகப் பிரித்து, நான்கு வாரம், தினம் 10 நிமிடம் மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு நிமிடத்துக்கு சுமார் ஐந்தரை மூச்சு, மற்றதற்கு 12. இரு பிரிவினருக்கும் மனநிலை மேம்பட்டது. ஆனால் அவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீள விடும் மூச்சில் துடிப்பு தளர்வது இதய வரைபடத்தில் தெரியும் உண்மை. நம்பாதவருக்கும் அது நடக்கும். ஆனால் வாரக்கணக்கில் மனம் தெளிவதற்கு எண்ணிக்கை மட்டும் காரணமாகாது. தினமும் பத்து நிமிடம் வேலையை வைத்துவிட்டு அமர்ந்து மூச்சைக் கவனிப்பதற்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். ஆகவே எண்ணைத் துல்லியமாகப் பிடிக்கத் தவிக்காமல், அமர்வதை விடாமல் இருப்பது நல்லது.

‘வேகஸைத் தூண்டும் மருத்துவக் கருவியே இருக்கிறதே?’ என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்கு 1997-இல் அமெரிக்கா அனுமதித்த கருவி அது. மார்பில் தோலுக்கடியில் பொருத்தி, கழுத்தில் இடது வேகஸ் நரம்பைச் சுற்றிக் கம்பியை இணைப்பார்கள். அறுவை சிகிச்சையால் நரம்பையே தொடும் அந்தக் கருவியின் நற்பெயரைக் கடன் வாங்கி, பனிக்கட்டி நீரையும் காதில் மாட்டும் கிளிப்புகளையும் சகல நோய்க்கும் மருந்தாக விற்பது முறையல்ல. திடீர்க் குளிர்நீர் இதய நோயாளிக்கு ஆபத்தாகவும் முடியலாம். மேலும், இந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு உறுப்புகளின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோபவை. அதைத் தசையைப் போல முறுக்கேற்றலாம் என்ற பேச்சே பொருந்தாது.

எளிய முறை இதுதான். முதுகை நிமிர்த்தி அமர்ந்து, மூக்கால் 4 நொடி இழுத்து, 6 நொடி விடுங்கள். ஆழமாக இழுக்க முயல வேண்டாம். மென்மையாக இருந்தால் போதும். தலை சுற்றினாலோ, மூச்சைக் கவனிக்கக் கவனிக்கப் பதற்றம் கூடினாலோ நிறுத்திவிடுங்கள். 64 மாத்திரை கும்பகமெல்லாம் ஆசானிடம் அமர்ந்து கற்க வேண்டியது. இரத்த அழுத்தத்துக்கோ மன நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் இந்தப் பயிற்சியை நம்பி அதை நிறுத்தவே கூடாது. இந்த வரம்புக்குள் நின்றால், காசு செலவில்லாமல், யாரிடமும் கேட்காமல், பேருந்தில் நின்றுகொண்டும் செய்யக்கூடிய நல்ல பழக்கம் இது. இன்றிரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்.