பல்லை அரிப்பது எது?



பல் சொத்தையானால் நம் வீடுகளில் அதனைப் 'பூச்சிப் பல்' என்பர். பல்லினுள் ஒரு புழு குடியிருந்து அரிக்கிறது என்ற நம்பிக்கை பண்டைய பாபிலோனிலும் இருந்தது. ஆயினும் அந்தப் புழுவை எவரும் கண்டதில்லை.

பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் சேர்ந்த கலவையில் இட்டு, உடலின் வெப்பநிலையில் வைத்தார். கலவை புளித்தது, பல்லின் சுண்ணச்சத்து கரைந்தது. வாயிலுள்ள நுண்கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்ற அவருடைய முடிவு 1890-இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

அப்படியாயின், சோறுண்ணும் அனைவருக்கும் பல் ஏன் கெடவில்லை? நான் வாழும் காஞ்சிபுரத்தில் தறியருகே நின்று பார்த்தால் விடை எளிதில் விளங்கும். பாவிலே பட்டிழை அறுவது இயல்பு. நெசவாளர் சற்றே நிறுத்தி அதனை முடிந்துவிடுகிறார், சேலைக்குக் குறைவில்லை. முடிய அவகாசமின்றி இழைகள் அடுத்தடுத்து அறுந்தால் துணி பழுதாகும். வாயில் அந்த நெசவாளரின் பணியைச் செய்வது உமிழ்நீர். அது அமிலத்தைத் தணித்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணிக்குக் குறையாத ஓய்வு வேண்டும். நாள் முழுவதும் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஓய்வு ஏது?

1940-களில் சுவீடனில் விபெஹோல்ம் மருத்துவமனையில் நடந்த ஆராய்ச்சி இதனை உறுதிப்படுத்திற்று. உணவோடு உண்ட இனிப்பைவிட, இடையிடையே உண்ட ஒட்டும் இனிப்பே பற்களை மிகுதியாகக் கெடுத்தது. ஆனால், மனவளர்ச்சி குன்றியோரை அவர்களுடைய இசைவின்றியே அதற்கு உட்படுத்தினர். அவர்கள் பற்களை இழந்து நமக்களித்த அறிவு அது, அதனை வீணாக்கலாகாது.

உமிழ்நீரின் பணிக்குத் துணைபுரிவது புளோரைடு. எனினும் அளவு மிஞ்சினால் அதுவே கேடு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து, பற்கள் கறைபட்டு எலும்புகள் விறைத்துப்போன மக்களைப் பற்றி மருத்துவர் ஷார்ட்டும் அவருடைய துணைவர்களும் 1937-இல் எழுதினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இத்தொல்லை உண்டு. அங்கே காவிரி நீரைக் கொண்டு சேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆகவே புளோரைடு கலந்த பற்பசையால் துலக்கி, விழுங்காமல் உமிழ்ந்துவிடுவதே தக்க வழி.

ஒன்றை மறவாதீர்கள். குழி விழாத வரையில்தான் உமிழ்நீர் பல்லைச் செப்பனிடும். விழுந்தபின் அதனால் நிரப்ப இயலாது. சர்க்கரைப் பொங்கலை விலக்கவேண்டுவதில்லை. அதனை உணவோடு உண்ணுங்கள். காலையில் துலக்குவது போலவே இரவிலும் துலக்குங்கள். அதன்பின் தண்ணீரன்றி வேறெதுவும் வேண்டா.