பழைய எர்டிகா: எந்த இன்ஜின் எடுப்பது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் மோட்டார் பற்றிய விவாதம் இருப்பதால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

சி பிளாக் நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கப் போகிறார். வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு மடக்கும் சக்கர நாற்காலி உண்டு. வருடத்தில் இரண்டு முறை கொடைக்கானல். மூன்று எர்டிகா பார்த்து வைத்திருக்கிறார்: ஒன்று 1.4 பெட்ரோல், ஒன்று 1.3 டீசல், இன்னொன்று 1.5 பெட்ரோல். "எந்த இன்ஜின் சார் நல்லது?" என்று லிஃப்ட்டில் கேட்டார். நான்கு மாடிக்குள் சொல்லி முடிகிற விஷயமா அது? வேறு சிலரும் இதையே கேட்டதால் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எஸ்டேட் கார் வாங்குவார்கள், பின்பக்கம் நீண்ட கார். நம் நாட்டில் பலேனோ ஆல்டுரா, இண்டிகோ மெரினா எல்லாம் வந்தன, போயின. நாம் அவற்றைச் சீண்டவில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது 2012 ஏப்ரலில் வந்த எர்டிகாதான்.

முதலில் சிசி கணக்கு. சிசி கூடினால் இழுவை கூடும் என்று புரோக்கர் சொல்வார். அப்படியே நம்ப வேண்டாம். முதல் தலைமுறை எர்டிகாவின் 1.4 பெட்ரோல் 1373 சிசி, இழுவிசை 130 நியூட்டன் மீட்டர். 2018 நவம்பரில் வந்த 1.5 பெட்ரோல் 1462 சிசி, இழுவிசை 138. வித்தியாசம் வெறும் 89 சிசி, 8 நியூட்டன் மீட்டர். ஆனால் 1.3 டீசல் 1248 சிசிதான். மூன்றிலும் சின்னது. அதன் இழுவிசை 200. டர்போ செய்கிற வேலை அது.

அப்படியானால் டீசல்தானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். அந்த 200 கிடைப்பது 1,750 சுற்றுக்கு மேலே. நடைமுறையில் 2,000 தொட்டால்தான் வண்டி விழித்துக்கொள்கிறது. நம் பேஸ்மென்ட் சரிவில் ஆறு பேரோடு நின்று கிளம்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நகர நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போதும் இதே தூக்கம். பெட்ரோலுக்கு அந்த வேகத்தில் சங்கடம் குறைவு.

மலையில் கதை வேறு. ஆறு பேரும் சாமானும் என்றால் 400 கிலோவுக்கு மேல். காரின் எடையே 1,200 கிலோவுக்குச் சற்று முன்னே பின்னேதான். போதாததற்கு, டர்போ இல்லாத இன்ஜின் உயரம் போகப் போக மூச்சு வாங்கும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் சக்தி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஆக ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கொண்டை ஊசி வளைவில் 1.4-ஐயும் 1.5-ஐயும் முதல் கியருக்கு இறக்கித்தான் ஏற்ற வேண்டும். ஏசியை அணைத்தால் கொஞ்சம் உதவும். ஏறாமல் நிற்காது, அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். டர்போ டீசலுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

வருடத்தில் நான்கு நாள் மலைக்காக மீதி 361 நாளும் டீசல் ஓட்டுவதா? இங்கேதான் மாதக் கணக்கு வேண்டும். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எல்லாரும் டீசல் வாங்கியதற்குக் காரணம் அதுதான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கணக்குக்காகப் பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 16. கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை ரூபாய் டீசலில் மிச்சம். மாதம் 400 கிலோமீட்டர் ஓடுகிற வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். பழைய டீசலில் ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ கைகொடுக்காமல் போனால், ஒன்றிரண்டு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஐந்தாயிரம் மிச்சம், அவர் தைரியமாக டீசல் எடுக்கலாம். அதுவும் 2019-இல் கொஞ்ச காலமே வந்த 1.5 டீசல் கிடைத்தால் விடாதீர்கள். 225 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், அந்தத் தூக்கமும் குறைவு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் பிரீமியம் சிசி அடிப்படையில்தான். 2022 ஜூன் கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897. வரி தனி. எர்டிகாவின் எல்லா இன்ஜினும் 1500-க்குள்ளேயே இருப்பதால் இங்கே வேறுபாடு இல்லை. பழைய இன்னோவா பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேருங்கள்.

நண்பருடைய வீட்டுக்கு உண்மையில் முடிவு செய்ய வேண்டியது சக்கர நாற்காலிதான். 1.4 என்றால் பழைய உடல்: எல்லா இருக்கையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 135 லிட்டர். 1.5 பெட்ரோல் என்றால் புது உடல்: 209 லிட்டர், மூன்றாம் வரிசையில் பாதியை மட்டும் மடக்கலாம். ஆறாவது ஆள் ஒரு பாதியில், நாற்காலி மறு பாதியில். அதனால் என் ஓட்டு 1.5 பெட்ரோலுக்கு. ஆனால் அது 4,395 மில்லிமீட்டர் நீளம், முதலில் வந்த எர்டிகா 4,265. இந்த 13 சென்டிமீட்டர் சிரிக்கிற விஷயமில்லை. தூணுக்கும் கோட்டுக்கும் நடுவே உங்கள் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பாதைக்குள் மூக்கை நீட்டி நிற்கும் கார்களைப் பற்றி இந்தக் கூட்டத்தில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்!

இடம் போதாதவர்கள், நான்கு பேருக்குள் இருப்பவர்கள், நன்றாகப் பராமரித்த 1.4 கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். அந்த 89 சிசிக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

கார் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லுங்கள். சூடான இன்ஜின் நிறைய விஷயங்களை மறைத்துவிடும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். டீசல் என்றால் கிளம்பும்போது கரும்புகை வருகிறதா, டர்போ குழாய்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எர்டிகா டாக்ஸியாகவும் நிறைய ஓடியது, ஆர்சியின் பழைய விவரங்களைக் கேளுங்கள். சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருந்தால் எந்த இன்ஜினாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறுங்கள். சக்கர நாற்காலியும் கூட வரட்டும். நண்பர் வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு 1.5 பார்க்கப் போகிறார், நானும் போகிறேன். காரில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது.